நென்னி எக்கி

எங்கள் மாடியில் கடைசிக் கதவு அக்காவுடையது. ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் அந்தக் கட்டடத்தில் இருந்த தமிழ்ச்சனம் முழுக்க அவரை அக்கா என்றுதான் சொல்லும். அவரைவிட மூத்த ஆட்கள்கூட அப்படித்தான். பெயரை நான் எழுதப்போவதில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டால் காரணம் சொல்லவேண்டி வரும். காரணம் சொல்வதுதான் அக்காவுக்கு இந்த உலகத்தில் ஆகவே ஆகாத வேலை.

நாங்கள் மற்றவர்கள் எல்லோரும் காரணத்தில் சீவிக்கிறவர்கள். ரொறன்ரோவில் ஒரே சனிக்கிழமையில் ஒரு கலியாணமும் ஒரு சாமத்தியவீடும் ஒரு அரங்கேற்றமும் வரும். அழைக்கிறவர்கள் புருசனும் பெண்சாதியுமாக வீட்டுக்கு வந்து, கார்ட்டை இரண்டு கையாலும் தந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். போனில் சொன்னால் அது சொன்னதாகாது. அப்படி வந்து சொன்னவர்களுக்கு முகத்துக்கு நேரே வரமாட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. "ஓம் ஓம், கட்டாயம்" என்போம். காரணம் பிறகு, விழாவுக்கு முதல்நாள் பிறக்கும். என் வீட்டுக்காரர் இதில் விண்ணன். அவர் சொன்னதையெல்லாம் நம்பினால் எங்கள் கார் றோட்டில் ஓடியதைவிடக் கராஜில் நின்றதுதான் கூட. இல்லாத ஒரு மாமாவுக்கு அவர் செய்வித்த ஒப்பரேஷன்களைக் கேட்டால் டொக்டர்மாரே பயப்படுவார்கள்.

அக்காவும் கார்ட்டை வாங்குவார். வந்தவர்களுக்கு ரோல்ஸ் பொரித்துக் கொடுப்பார். பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். அவர்கள் கோப்பையைக் கீழே வைத்ததும், சிரித்த முகத்தோடு, "நான் வரேல்லை" என்பார்.

"ஏனக்கா, வேலையோ?"

"இல்லை."

"சுகமில்லையோ?"

"நல்ல சுகம்."

"அப்ப என்ன?"

"நென்னி எக்கி."

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். லிப்ற்றில் இறங்கும்போதே விசாரணை தொடங்கிவிடும். யார் அக்காவை என்ன சொன்னது? போன கலியாணத்தில் பின்வரிசையில் இருத்திவிட்டோமோ? ஒரு கிழமைக்குப் போன் ஓயாது. கடைசியில் எனக்கு எடுத்து, "நீர் பக்கத்தில இருக்கிறீர், உமக்குத் தெரியும்தானே, சொல்லும்" என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பதால், கால் உளைவு என்றோ பனி ஒத்துவரவில்லை என்றோ நானே ஒன்றை உண்டாக்கிச் சொல்லிவிடுவேன். அக்காவுக்காக நான் சொன்ன பொய்கள் அக்காவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் வாசலுக்கு வந்திருக்கமாட்டார்.

அந்தச் சொல் ஐஸ்லாந்துச் சொல். அக்கா ஆசுபத்திரி ஒன்றின் சமையலறையில் வேலை செய்தார். நோயாளிகளின் தட்டுகள் பெல்ற்றில் ஊர்ந்து வரும். ஒருவர் பாண் வைக்க, அடுத்தவர் ஜூஸ் வைக்க, அதற்கு அடுத்தவர் மூடி போட்டு அனுப்புவார். ஜூஸ் அக்காவுடையது. மூடி போட்டது ஓர் ஐஸ்லாந்துக்காரி. கலியாணம் கட்டி இந்த நாட்டுக்கு வந்து, புருசன் செத்தபிறகும் திரும்பிப் போகாமல் இருந்த, உயரமான மனுசி. இடைவேளையில் யாரோடும் பேசாமல் கம்பளி பின்னுவாராம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் குறைந்தால் சுப்பவைசர் பெல்ற் வழியே கேட்டுக்கொண்டு வருவார். பாண் வைக்கும் பிலிப்பீன்ஸ் பெண், மாதா கோவில் இருக்கிறது என்பார். அது பின்னேரம்தானே, காலையில் வா என்பார் சுப்பவைசர். அக்கா, தன் தம்பி வீட்டுக்கு வருகிறான் என்பார். சமைத்து வைத்துவிட்டு வா என்பார். ஐஸ்லாந்துக்காரி தலையைத் தூக்காமல் "நென்னி எக்கி" என்பார். சுப்பவைசர் ஒன்றும் பேசாமல் அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

"அப்பதான் எனக்கு விளங்கினது," என்று அக்கா சொன்னார். "காரணம் எண்டது சட்டிக்குப் பிடி மாதிரி. பிடி இருந்தால் ஆரும் தூக்குவாங்கள். அந்த மனுசி பிடி வைக்காத சட்டி."

பிறகு அந்தச் சொல்லின் கருத்தைக் கேட்டு அக்கா அவரை விடாமல் அரித்திருக்கிறார். உன்னால் ஏலாதோ? ஏலும். விருப்பமில்லையோ? போனால் விருப்பமாகவும் இருக்கலாம். கோபமோ? கோபமில்லை. பின்னே என்ன? ஒரு வேலைக்கு ஆள் எழும்ப முதல் உள்ளுக்குள் ஒன்று எழும்பவேண்டும். அது எழும்பவில்லை, அவ்வளவுதான். அவர்களுடைய ஊரில் சின்னப்பிள்ளைகளும் இதைச் சொல்லுமாம், கிழவர்களும் சொல்வார்களாம். தாய்மார் ஏசுவதும் உண்டாம். ஆனால் சொன்ன பிறகு அதற்கு ஒரு நோய் வருத்தத்தையோ பழுதான காரையோ காட்டவேண்டும் என்று ஒருவரும் நிற்பதில்லையாம்.

"உது எங்கட பஞ்சிதானே அக்கா, சோம்பல்தானே," என்றேன். "எங்கட ஆக்களும் பஞ்சியாக் கிடக்கெண்டு சொல்லுறவைதானே."

"இல்லை. பஞ்சி எண்டு சொல்லேக்க நீர் ஒருக்காச் சிரிப்பீர். தலையைச் சொறிவீர். அதைக் கேக்கிற ஆள், எழும்பும் எழும்பும் எண்டு கையில பிடிச்சு இழுக்கும், நீரும் எழும்பிப் போவீர். இது நிமிந்து நிண்டு சொல்லுறது."

நானும் ஒருமுறை நிமிர்ந்து நின்று சொல்லிப் பார்த்தேன். என் வீட்டுக்காரரிடம், அவருடைய சிநேகிதர் வீட்டுப் பிறந்தநாளுக்கு. "நென்னி எக்கி, ஏனெண்டால்" என்று தொடங்கியதும், கதவருகில் நின்ற அக்கா கையை விசுக்கினார். "ஏனெண்டால் வந்தால் அது செத்துப்போச்சு," என்றார். நான் அந்தப் பிறந்தநாளுக்குப் போய்க் கேக்கும் சாப்பிட்டு வந்தேன்.

அக்கா கலியாணம் செய்யவில்லை. தம்பிக்காகத் தன் வாழ்க்கையைத் தியாகம் செய்த மனுசி என்று சனம் சொல்லும். கேட்கிறபோது எனக்கே கண் கலங்கும். அக்காவிடம் அதைச் சொன்னபோது தோய்த்த உடுப்பை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"தம்பியை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டது நான்தான், படிப்பிச்சதும் நான்தான். அது செய்ய மனம் வந்தது, செய்தன். கலியாணம் வேற கதை. நல்ல இடமெல்லாம் கேட்டு வந்தது. எனக்கு மனம் எழும்பேல்லை. அப்ப எனக்கு இந்தச் சொல் தெரியாது. அதால சாதகம் பொருந்தேல்லை, வயது கூட எண்டு ஒவ்வொண்டாச் சொன்னன். ஒவ்வொண்டையும் அம்மா தீர்த்துப்போட்டு வந்து அழுதா. பாவம், அவவை நான் கன வருசம் அலைச்சுப்போட்டன்."

எதற்கும் அசையாத மனுசி என்று இதைப் படிக்கிறவர்கள் நினைக்கக்கூடாது. என் வீட்டுக்காரர் நெஞ்சு நோவென்று ஆசுபத்திரியில் கிடந்தபோது, அக்கா வேலை முடிந்து, உடுப்பும் மாற்றாமல், கஞ்சிப் போத்தலோடு ஸ்ரீற்காரில் வந்து இறங்குவார். ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. "ஏனக்கா இவ்வளவு கரைச்சல்?" என்று கேட்டேன். "நென்னி," என்றார். எக்கி என்ற மறுப்பு இல்லாத அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதல்முதல் கேட்டேன். வேறு எத்தனையோ பேர் பழங்களோடு வந்துபோனார்கள். அவர்களை மரியாதை இழுத்து வந்ததோ, சனம் கதைக்கும் என்ற பயம் இழுத்து வந்ததோ, எனக்குத் தெரியாது. அக்கா வந்தது வர மனம் எழும்பித்தான். அந்த மாதிரி ஓர் ஆள் பக்கத்தில் இருப்பது எவ்வளவு ஆறுதல் என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கேட்பதற்கும் அந்தச் சொல்தான். ஐஸ்லாந்தில் உப்பை எடுத்துத் தரச் சொல்வதென்றாலும், உனக்கு அதற்கு மனம் எழும்புமா என்றுதான் கேட்பார்களாம். அக்கா என் கதவைத் தட்டி, "நென்னிர்தூ? கீழ உடுப்புத் தோய்க்கப் போறன், வாறீரோ?" என்பார். நான் மாட்டேன் என்றால் முகம் ஒரு சுருக்கம் சுருங்காது. கூடையைத் தூக்கிக்கொண்டு தனியே போய்விடுவார்.

தம்பி நகரத்தின் கிழக்கு விளிம்பில், ரூஜில் வீடு வாங்கினார். புதுவீடு, பெரிய வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் வந்து புட்டும் கறியும் சாப்பிட்டபடி விஷயத்தைச் சொன்னார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"கீழ பேஸ்மென்ற்றில உங்களுக்கெண்டு தனி றூம் அக்கா. தனி வோஷ்றூம், தனி வாசல். இந்தப் புறாக்கூட்டை விட்டிட்டு வாங்கோ. நீங்கள் பிள்ளையளோட நிண்டால் நாங்கள் ரெண்டுபேரும் நிம்மதியா வேலைக்குப் போவம்."

"நென்னி எக்கி, தம்பி," என்றார் அக்கா.

தம்பி சிரித்தார். இன்னும் கொஞ்சம் புட்டுப் போடச் சொன்னார். கை கழுவிவிட்டுப் போய்விட்டார்.

பிழை அங்கேதான் நடந்தது. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பிழை வந்திருக்காது. எங்கள் வீடுகளில் சாப்பாட்டுக் கோப்பைக்கு மேலே கையை மறித்துப் "போதும் போதும்" என்றால் இன்னொரு அகப்பை விழும். வயிற்றுக்குத்து என்று சொன்னால்தான் அகப்பை நிற்கும். காரணம் இல்லாத மறுப்பு எங்கள் காதில் மறுப்பாக ஏறாது. அது ஒரு கூச்சம், ஒரு மரியாதை, இன்னொருமுறை கேள் என்ற கெஞ்சல். அக்கா ஒரு காரணமும் சொல்லாததால் அக்கா சம்மதித்துவிட்டார் என்று தம்பி உண்மையாகவே நம்பினார். பேஸ்மென்ற் சுவருக்கு அக்காவுக்குப் பிடித்த இளம்பச்சை அடித்தார். பிள்ளையார் படத்துக்குத் தட்டு அடித்தார். றிச்மண்ட் ஹில் கோவில் பக்கத்து ஐயரிடம் நாள் பார்த்து, பால் காய்ச்சச் சனத்தைக் கூப்பிட்டார். அக்கா வந்து பால் வைப்பார் என்று எல்லோருக்கும் சொன்னார். அக்காவிடம் மட்டும் திருப்பிக் கேட்கவில்லை.

பால் காய்ச்சும் நாள் காலையில் வாடகை வான் ஒன்று கட்டடத்து வாசலில் வந்து நின்றது. தம்பியும் அவர் மனைவியும் மேலே வந்தார்கள். சத்தம் கேட்டு நானும் போனேன். அக்கா குசினி மேசையடியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஒரு பெட்டிகூடக் கட்டவில்லை.

"அக்கா, நேரம் போகுது. என்ன இன்னும் அடுக்கேல்லையோ?"

"நான் உனக்கு அண்டைக்கே சொன்னனான்."

"என்ன சொன்னனீங்கள்? நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை."

"நென்னி எக்கி எண்டு சொன்னன்."

தம்பி சோபாவில் இருந்துவிட்டார். சுவரின் நிறத்தைச் சொன்னார். பிள்ளையார் தட்டைச் சொன்னார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கெட்ட மனுசன் இல்லை. தமக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டவர்தான். ஆனால் அந்த ஆசைக்குள் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கேள்வியும் மடித்துவைக்கப்பட்டிருந்தது. அந்த வான் ஏற்ற வந்தது அக்காவின் கட்டிலை மட்டும் இல்லை. தன் கதவைத் தானே பூட்டித் தானே திறக்கும் சீவியம் ஒன்று அந்த வீட்டில் இருந்தது, அதையும்தான்.

"சரி, வரவேண்டாம்," என்றார் தம்பி. "ஆனால் ஒரு காரணம் தாங்கோ. அங்க சனம் வந்து நிக்கப்போகுது. நான் என்னத்தைச் சொல்லுறது?"

அக்கா தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, அவவின்ர டொக்டர் இஞ்ச பக்கத்திலதானே," என்று தொடங்கினேன். "முழங்காலும் இப்ப..."

"என்ர முழங்கால் நல்லாயிருக்கு," என்றார் அக்கா. என்னைப் பார்க்காமலே சொன்னார். "டொக்டரிட்ட நான் போய்க் கன காலம். இவ உனக்காகப் பொய் சொல்லுறா. நான் பொய் சொல்லிப் போகாமல் விட்டால், நாளைக்கு நீ அந்தப் பொய்யைத் தீர்த்துக்கொண்டு வருவாய். ரூஜில ஒரு டொக்டரைப் பாப்பாய். படிக்கு லிப்ற் பூட்டுவாய். எனக்கு ஒண்டும் இல்லை தம்பி. உன்னில கோவம் இல்லை. உன்ர மனுசியில கோவம் இல்லை. பிள்ளையளில உயிர். அங்க வந்து இருக்க எனக்கு மனம் எழும்பேல்லை."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். அது காணாதோ?"

வான் வெறுமையாகத் திரும்பிப் போனது. நான் அக்காவைத் தேற்றலாம் என்று கதிரையை இழுத்தேன். அக்கா எழும்பி அலுமாரியைத் திறந்து, அரக்குக் கரைச் சேலை ஒன்றை எடுத்தார்.

"எங்க அக்கா?"

"பால் காய்ச்சுக்கு. என்ர தம்பி வீடு வாங்கியிருக்கிறான், நான் போகாமல் விடுறதோ? நென்னிர்தூ?"

எனக்கு மனம் எழும்பியது. கெனடி ஸ்ரேசன்வரை ரெயினில் போய், அங்கிருந்து பஸ் எடுத்து, ரூஜில் இறங்கி நடந்தோம். அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் விறுக்கு விறுக்கென்று நடந்தார்.

வாசல் நிறையச் செருப்பு. உள்ளே போனோம். சரிகைச் சேலை கட்டிய ஓர் அன்ரி, எல்லா விழாவிலும் முன்வரிசையில் இருப்பவர், அக்காவின் காலைக் குனிந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை, உமக்குக் கால் முறிஞ்சு கட்டுப் போட்டிருக்கெண்டெல்லோ தம்பி சொன்னவர்?"

தம்பி அடுப்படியில் பால்சட்டியோடு நின்றார். அவருடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நானாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே நொண்டத் தொடங்கியிருப்பேன்.

"கால் முறியேல்லை அன்ரி," என்றார் அக்கா, எல்லோருக்கும் கேட்க. "இஞ்ச குடிவர மனம் வரேல்லை. பால் பொங்கிறதைப் பாக்க மனம் வந்தது, வந்தனான்."

நேரே அடுப்படிக்குப் போய்த் தம்பியின் கையிலிருந்து சட்டியை வாங்கி அடுப்பில் வைத்தார். பால் பொங்கியது. சனம் குடித்தது. சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. பிறகு தம்பி பின்வளவுக்குப் போய்த் தனியே நின்றார். அக்கா கிளாசில் பாலை எடுத்துக்கொண்டு போனார். கம்பிவலைக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் கோப்பை கழுவிக்கொண்டு நின்றதால் எல்லாம் கேட்டது.

"சனத்துக்கு முன்னால என்னை ஏனக்கா வெக்கப்படுத்தினீங்கள்?"

"நீ என்ர காலை முறிச்சாய். நான் நடந்து வந்தனான்."

தம்பி பாலை வாங்கவில்லை. அக்கா கிளாசைப் படியில் வைத்துவிட்டு வந்தார். அன்று பின்னேரமே நாங்கள் பஸ் பிடித்துத் திரும்பிவிட்டோம். வழி முழுக்க அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். ஸ்ரேசனில் இறங்கும்போது சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்தார். துடைத்ததற்கும் காரணம் சொல்லவில்லை.

தம்பி கன மாதம் வரவில்லை. மனைவிதான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துபோனார். நான் நினைத்ததற்கு மாறாக, விஷயம் முதலில் விளங்கியது அவருக்குத்தான். "எனக்கும் எத்தினை இடத்தில சொல்ல ஆசையா இருக்கு மச்சாள்," என்றார் ஒருநாள், கோப்பையைத் துடைத்துக்கொண்டு. ஆனால் பிறகொருநாள் அவரே போன் எடுத்து முறைப்பாடும் சொன்னார். மூத்தவள் மிருதங்க வகுப்புக்குப் போகச் சொன்னால், "ஐ நென்னி எக்கி, ஓகே?" என்கிறாளாம். அக்கா வயிறு நோகச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

பனி கொட்டிய ஒருநாள் தம்பி வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியில் நின்றுகொண்டே கேட்டார். "அக்கா, நென்னிர்தூ? வாற ஞாயிறு பிள்ளையளோட நிக்க. எங்களுக்கு ஒரு கலியாணவீடு." கேட்டுவிட்டு, எந்தப் பதிலுக்கும் ஆயத்தமானவராகச் சும்மா நின்றார். அக்கா யோசித்தார். "நென்னி," என்றார். "உள்ள வா, தேத்தண்ணி வைக்கிறன்." அதற்குப் பிறகு சில ஞாயிறு போனார், சில ஞாயிறு போகவில்லை. தம்பி பேஸ்மென்ற்றை வாடகைக்குக் கொடுத்தார். இளம்பச்சைச் சுவரை மாத்திரம் மாற்றவில்லை.

அக்கா தன் வீட்டில், தன் கட்டிலில், நித்திரையில் செத்தார். செத்தவீட்டுக்கு ஒருவரையும் அழைப்பதில்லை, கேள்விப்பட்டவர்கள் வருவார்கள். மண்டபம் நிறைந்து வெளியிலும் சனம் நின்றது. யாருடைய விழாவுக்கெல்லாம் அக்கா போகவில்லையோ அவர்கள் அத்தனைபேரும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் அதே அன்ரி, சரிகை இல்லாத சேலையில். தம்பி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, வீடு நிறைய இடம் கிடக்க, அக்கா ஏன் கடைசிவரைக்கும் அந்தக் கட்டடத்தில தனியக் கிடந்தவ?" என்று அன்ரி கேட்டார்.

நான் பக்கத்தில் நின்றேன். இந்தமுறை எந்த எலும்பை முறிக்கப்போகிறாரோ என்று நினைத்தேன். தம்பி பெட்டியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அவ நென்னி எக்கி, அன்ரி."

"ஐயோ, அதென்ன வருத்தம்?"

"வருத்தமில்லை. அவ நல்ல சுகமா இருந்தவ."

அன்ரி மிச்சத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அன்ரி என் பக்கம் திரும்பினார். நானும் சொல்லவில்லை.